நான்கு இலக்கம்

ஃபிலோமினா ரெசென்டெஸ் தன் காரை விற்றுவிடத் தீர்மானித்தது ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது. முன்னால் நின்ற காரின் நம்பரை அவளால் படிக்க முடியவில்லை. தகட்டின் ஓரங்கள் தெரிந்தன. அதன் அடியில் வரைந்திருக்கும் நீல அலை தெரிந்தது. எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ கட்டைவிரலால் தேய்த்துவிட்டது போல ஒரு மங்கல். தலையைச் சற்றுத் திருப்பினாள், எண்கள் வந்தன. நேராகப் பார்த்தாள், போய்விட்டன.

பச்சை விழுந்ததும் மெதுவாக வீடுவரை ஓட்டிவந்து, முற்றத்தில் நிறுத்தி, மாடியேறிப் போய் சாவியைச் சமையலறை மேஜைமேல் வைத்தாள்.

"இனிமே ஓட்ட மாட்டேன்."

க்ளாடெட் செய்தித்தாளைத் தாழ்த்தினாள். "டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்றேன்."

"சரி. நான் ஓட்டறேன்."

"நீ ஓட்டறதைப் பாத்தா நடந்தே போயிடலாம்னு இருக்கும்."

"நட. யாரு வேணாம்னா?"

ஃபிலோமினா ஓய்வு பெறும்வரை பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஈஸ்ட் ப்ராவிடன்ஸில் இன்று குழந்தை குட்டியோடு இருக்கும் பாதிப்பேர் அவள் பேருந்தில் ஏறியவர்கள்தான். ஒருமுறை பின்வரிசைப் பையன்கள் ஒரு சிறுமியின் ஷூவைப் பிடுங்கி ஒளித்துவைத்துக்கொண்டார்கள். ஃபிலோமினா வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டாள். பெற்றோர்கள் தேடி வந்துவிட்டார்கள். பள்ளியிலிருந்து ஆள் வந்தார். அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. கடைசியில் ஷூ வந்தது. பேருந்து கிளம்பியது. அவளைப் பற்றி எங்கள் பக்கத்தில் சொல்வதற்கு அந்த ஒரு கதை போதும்.

ஆனால் காரை விற்பது பேருந்தை ஓரங்கட்டுவது போல எளிதாக இல்லை. காரணம் கார் அல்ல, காரில் மாட்டியிருந்த நம்பர். 6038.

எங்கள் மாநிலம் சிறியது. இங்கே ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காரின் நம்பரைப் பார்ப்பார்கள். ஆறு இலக்கம் என்றால் எல்லோரையும் போல. நான்கு இலக்கம் என்றால் பழைய குடும்பம், இல்லை யாரையோ தெரிந்த குடும்பம். கார் கைமாறினாலும் நம்பர் விற்றவரோடு தங்கிவிடும். காரே வேண்டாம் என்பவர் அதைச் சுவரில் மாட்டி வைத்துக்கொள்ள முடியாது. பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர், கட்டிய துணை என்று யாருக்காவது மாற்ற வேண்டும். அப்படி ஆள் இல்லையென்றால் அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காகச் சண்டை போட்டுப் பேசாமல் போன அண்ணன் தம்பிகள் எல்லா ஊரிலும் உண்டு. நம்பருக்காகப் பேசாமல் போனவர்கள் இங்கேதான்.

ஃபிலோமினாவின் அப்பா அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த கொத்தனார். செல்வாக்குள்ள ஒருவர் வீட்டு வாசலுக்குச் செங்கல் படிகள் கட்டிக் கொடுத்துவிட்டு, கூலிக்குப் பதில் நம்பர் கேட்டு வாங்கியவர். வயதானபோது அதை மகன் கில்பெர்ட்டோவுக்குத் தருவதாகத்தான் இருந்தார். அந்த வருஷம் கில் குடித்துவிட்டு வண்டியைக் கடற்கரைப் பலகாரக் கடையின் சுவருக்குள் ஓட்டினான். லைசென்ஸ் போயிற்று. அப்பா நம்பரை மகள் பேருக்கு மாற்றினார். "இவன் திருந்தற வரைக்கும் நீ வச்சிரு" என்றார். கொஞ்ச நாளில் இறந்துபோனார். கில் திருந்திவிட்டானா என்பதை யார் தீர்மானிப்பது என்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

காரின் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று எழுதி ஒட்டிய மறுநாள் கில், சர்க்கரை தூவிப் பொரித்த மலஸாடாப் பொட்டலத்தோடு வந்தான். அக்கா வீட்டுக்கு அவன் பலகாரம் வாங்கி வருவது ஈஸ்டருக்கு மட்டும். ஈஸ்டர் முடிந்து பல வாரம் ஆகியிருந்தது.

"கார் விக்கறியாமே."

"யாரு சொன்னா?"

"எழுதி ஒட்டியிருக்கே, ஃபில். எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

அடுப்படியில் நின்றிருந்த க்ளாடெட் திரும்பி அவனைப் பார்த்தாள். கில் பொட்டலத்தைப் பிரித்து அக்கா பக்கம் தள்ளினான்.

"சூடா இருக்கு, சாப்பிடு. நம்பரை என்ன பண்ணப் போறே?"

"யோசிக்கணும்."

"யோசிக்க என்ன இருக்கு? அப்பா இல்ல, அம்மா இல்ல. உனக்குப் புள்ளகுட்டி இல்ல. அந்தச் சட்டத்துல சொல்லியிருக்கற ஆளுங்கள்ல உயிரோட இருக்கறது நான் ஒருத்தன்தான்."

"உயிரோட இருக்கியேன்னு எனக்கும் சந்தோஷம்தான்."

"கிண்டல் பண்ணு. அப்பா என்ன சொன்னாரு? திருந்தற வரைக்கும்னாரு. நான் ஒரு சொட்டு தொட்டு எத்தனை வருஷமாச்சு? நம்ம ஆளுங்க ஹால்ல திருவிழா சூப்பு காய்ச்சறதே நான்தான்."

"சூப்பு காய்ச்சறவனெல்லாம் திருந்தினவனா?"

"பின்ன என்ன, திருப்பிக் குடுத்துடப் போறியா? எவனோ ஒரு வக்கீல் பொண்டாட்டி நம்ம அப்பா நம்பரை மாட்டிக்கிட்டுத் திரிவா. அவளுக்கு நான் தேவலையா இல்லையா?"

ஃபிலோமினா பலகாரத்தைத் தொடவில்லை. "க்ளாடெட் இருக்கா" என்றாள்.

கில் சிரித்தான். கெட்ட சிரிப்பு அல்ல. "க்ளாடெட் உன் ஃப்ரெண்டு. ஃப்ரெண்டுக்கெல்லாம் மாத்த முடியாது. தப்பா எடுத்துக்காதே க்ளாடெட், சட்டத்தைச் சொல்றேன்."

"சட்டம் எனக்கும் தெரியும், கில்" என்றாள் க்ளாடெட். "சர்க்கரை தரையெல்லாம் கொட்டுது. தட்டுல வச்சுத் தின்னு."

ஃப்ரெண்டு என்பது கில் கண்டுபிடித்த வார்த்தை அல்ல. ஃபிலோமினாவே எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வந்தாள். அது மூன்று மாடி மரவீடு. இரண்டாம் மாடியில் ஃபிலோமினா. மூன்றாம் மாடி அழைப்பு மணியில் 'சி. திபோ' என்று க்ளாடெட்டின் பெயர் ஒட்டியிருந்தது. மூன்றாம் மாடியில் இருந்தது ஒரு தையல் மிஷினும் பழைய பெட்டிகளும் ஒரு கட்டிலும். அந்தக் கட்டிலில் யாரும் படுத்ததில்லை என்பது தெருவுக்கே தெரியும். தபால்காரருக்கு மட்டும் தெரியாது என்பது போல அந்தப் பெயர் அங்கேயே இருந்தது.

கார் வாங்க வந்தவர் எம்மெட் கோலி. லைபீரியாக்காரர். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. பானெட்டைத் திறந்து பார்த்தார், கீழே படுத்துப் பார்த்தார், தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். விலை படிந்தது. விற்பனைச் சீட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஃபிலோமினா தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் தன் கையெழுத்தைப் பார்த்தபடி போட்டாள்.

"மா, ஒரு விஷயம்" என்றார் கோலி. "இந்த நம்பரோடவே எடுத்துட்டுப் போறேன். வண்டி ரெஜிஸ்ட்ரியில எனக்குப் புதுசு குடுத்த உடனே இதைக் கொண்டாந்து தந்துடறேன்."

"முடியாது."

"எல்லாரும் அப்படித்தானே மா பண்றாங்க?"

"பண்றாங்க. நீ பாலத்தைத் தாண்டுவே, டோல் சீட்டு எனக்கு வரும். நீ யாரையாவது இடிச்சா போலீஸ் என் கதவைத் தட்டும்."

"நான் யாரையும் இடிக்க மாட்டேன் மா."

"நானும் யாரையும் இடிச்சதில்ல. இடிக்கறதுக்கு முன்னாடி நிறுத்திக்கறேன்."

வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த கில் உள்ளே வந்தான். "குடுத்தனுப்பு ஃபில். பஸ்ல வந்திருக்காரு பாவம். நானே போய் நம்பரை வாங்கிட்டு வந்துடறேன்."

"நீ வாங்கிட்டு வந்தா எங்கிட்ட வருமா?"

கில் சிரித்தான். எதற்கென்று தெரியாமல் கோலியும் சிரித்தார்.

ஃபிலோமினா ஒரே வார்த்தையில் நின்றாள். கார் முற்றத்திலேயே இருக்கும். உரிமைப் பத்திரத்தையும் சீட்டையும் கோலி எடுத்துப் போகட்டும். அவர் பெயரில் நம்பர் வந்தபின் அதோடு வரட்டும். அவர் நம்பர் ஏறினால்தான் கார் தெருவில் இறங்கும். அதுவரை இன்ஷூரன்ஸை அவள் நிறுத்தப்போவதும் இல்லை.

கோலி காகிதங்களை மடித்தார். பிறகு, "எங்க அம்மாவும் இப்படித்தான்" என்றார். காகிதங்களைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

அடுத்த வாரம் புது நம்பரோடு வந்தார். முன்பக்கத் தகடு சுலபமாக வந்துவிட்டது. பின்பக்கத் திருகாணிகள் பனிக்காலத்து உப்பில் துருப்பிடித்திருந்தன. ஃபிலோமினா மண்டியிட்டு, இடது கட்டைவிரலால் திருகாணியின் தலையைத் தடவிக் கண்டுபிடித்து, திருப்புளியை அதில் பொருத்தினாள். கோலி கை நீட்டினார்.

"குடுங்க மா, நான் கழட்டறேன்."

"மாட்டினது நான்."

கடைசித் திருகாணி மட்டும் வழுக்கிக்கொண்டே இருந்தது. எண்ணெய் விட்டுக் காத்திருந்தாள். மறுபடி வழுக்கியது. அப்போதுதான் கோலியைக் குறடு பிடிக்க விட்டாள். அவர் இறுக்கிப் பிடிக்க, அவள் திருக, ஒரு கிறீச் சத்தத்தோடு அது கழன்றது.

கோலி தன்னுடைய தகட்டை மாட்டி, எழுந்து தள்ளி நின்று, ஆறு எண்களையும் உரக்கப் படித்தார். "நல்ல நம்பரா மா?"

"உன் பேர்ல இருக்கா?"

"இருக்கு."

"அப்ப நல்ல நம்பர்."

கார் போயிற்று. ஃபிலோமினா இரண்டு தகடுகளையும் கழுவித் துடைத்துச் சமையலறை மேஜைமேல் ஒரு துணியில் வைத்தாள். க்ளாடெட் சூப்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் பண்ணிக்கலாம்" என்றாள் ஃபிலோமினா.

கத்தி நிற்கவில்லை. "யாரு?"

"நாமதான்."

"எதுக்கு?"

ஃபிலோமினாவின் முகம் தானாகத் தகடுகளின் பக்கம் திரும்பியது. க்ளாடெட் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஓ" என்றாள்.

பெண்ணும் பெண்ணும் கட்டிக்கொள்ளலாம் என்று சட்டம் மாறிய வருஷம் க்ளாடெட் இதையே கேட்டிருந்தாள். இதே மேஜையில். ஃபிலோமினா அப்போது இன்னும் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். "பஸ்ல புள்ளைங்க இருக்கு. அதுங்களுக்கு அப்பா அம்மா இருக்காங்க. ஹால்ல கில் இருக்கான். இந்த வயசுல எதுக்கு?" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு கேள்விக்கு எத்தனையோ பேர் குறுக்கே வந்து நின்றார்கள். க்ளாடெட் அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

"அன்னிக்கு நான் கேட்டப்ப நான் பத்தல" என்றாள் க்ளாடெட் இப்போது. "இன்னிக்குத் தகரம் கேக்குது."

"தகரம்னு சொல்லாதே."

"தகரம்தான். ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. இந்த நம்பர் இல்லன்னா நீ என்னைக் கேட்டிருப்பியா?"

ஃபிலோமினா துணியின் ஓரத்தை எடுத்துத் தகடுகளை மூடினாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். க்ளாடெட் நம்பாவிட்டாலும் நம்பியது போல் இருந்திருப்பாள்.

"இல்ல" என்றாள். "கேட்டிருக்க மாட்டேன். தைரியம் வந்திருக்காது."

க்ளாடெட் கத்தியைக் கழுவி வைத்தாள். தலையணையை எடுத்துக்கொண்டு படியேறினாள். தன் பெயர் ஒட்டியிருந்த மாடியில் அன்றுதான் முதல்முறையாகப் படுத்தாள்.

காலையில் ஃபிலோமினா வாசலுக்கு இறங்கிப்போய், அழைப்பு மணிப் பலகையை விரலால் தடவி, மூன்றாம் மணியில் இருந்த சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள். ஓரம் கொஞ்சம் கிழிந்தது. அதை இரண்டாம் மணியில் தன் பெயருக்குக் கீழே ஒட்டினாள். கோணலாக ஒட்டியது அவளுக்குத் தெரியவில்லை.

க்ளாடெட் பால் வாங்கப் போகும்போது பார்த்தாள். திரும்பி வந்து பாலை மேஜைமேல் வைத்தாள்.

"இது தபால்காரருக்குச் சொன்னது. கில்லுக்கு?"

"அவனுக்கும் சொல்றேன்."

"எங்க? போன்லயா?"

"எங்க சொல்லணும், சொல்லு."

"ஹால்ல. ஞாயித்துக்கிழமை, அவன் சூப்பு ஊத்தறப்ப. நம்பர்ங்கற வார்த்தை உன் வாயில வரக்கூடாது."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரி. எனக்கு ஒரு கப் காப்பி குடு."

தூய ஆவித் திருவிழா அன்று ஹாலில் யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. நீண்ட மேஜைகள். பெரிய கிண்ணங்களில் ரொட்டித் துண்டுகள், மேலே புதினா. அதன்மேல் கொதிக்கும் மாட்டிறைச்சிச் சூப்பை ஊற்றிக்கொண்டே போவார்கள். ஃபிலோமினாவும் க்ளாடெட்டும் வருஷாவருஷம் வருவார்கள், எதிரெதிரே உட்காருவார்கள். இந்த முறை ஃபிலோமினா சுற்றிவந்து க்ளாடெட்டின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்தச் சத்தத்துக்கே சிலர் திரும்பினார்கள்.

கில் ஏப்ரன் கட்டி, கையில் சூப்பு வாளியும் நீளமான கரண்டியுமாக வந்தான். அன்று அவன்தான் ராஜா.

"என்ன ஃபில், கையெழுத்துப் போட எப்ப போலாம்?"

"வியாழக்கிழமை வா. நகரமன்றத்துக்கு. சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு வா."

"நகரமன்றமா? ரெஜிஸ்ட்ரி அங்க இல்லையே."

"ரெஜிஸ்ட்ரிக்கு இல்ல. எனக்கும் க்ளாடெட்டுக்கும் கல்யாணம். சாட்சிக்கு ஆள் வேணும்."

அவள் கத்திச் சொல்லவில்லை. பேருந்தின் கடைசி வரிசைவரை கேட்கும்படி பேசிப் பழகிய குரல், அவ்வளவுதான். அந்த மேஜையிலும் அடுத்த மேஜையிலும் கரண்டிச் சத்தம் நின்றது. கில்லின் கரண்டியிலிருந்து சூப்பு மேஜைவிரிப்பில் சொட்டியது.

"நம்பருக்காகவா?" என்றான் கில்.

"அந்த வார்த்தையைச் சொன்னது நீ" என்றாள் ஃபிலோமினா. "நான் சொல்லல. எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க."

க்ளாடெட் கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்தாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாளோ என்று ஃபிலோமினா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கே தெரிஞ்சதை என்னமோ புதுசாச் சொல்ற மாதிரி சொல்றே" என்றான் கில். அவன் முகம் சிவந்திருந்தது. "நான் கேட்டது அதில்ல. அப்பாவோடது என்ன ஆகும்?"

"எனக்கு அது தகரம், கில்" என்றாள் க்ளாடெட். "ஆனா என் கார்லதான் இருக்கும்."

கில் கரண்டியை நிமிர்த்திப் பிடித்தான். அடுத்த மேஜையில் சூப்புக்குக் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவன் க்ளாடெட்டின் கிண்ணத்தில் ஊற்றினான். விளிம்புவரை ஊற்றினான். அக்காவின் கிண்ணத்தில் ஊற்றாமல் அடுத்த மேஜைக்குப் போய்விட்டான்.

"என்னோடதுல பாதி எடுத்துக்க" என்றாள் க்ளாடெட்.

வியாழக்கிழமை கில் வரவில்லை. சாட்சிக் கையெழுத்தை நகரமன்ற ஊழியர்கள் இரண்டுபேர் போட்டார்கள். அவர்களில் ஒருத்தி ஃபிலோமினாவின் பேருந்தில் போனவள். ஷூ பறிபோன சிறுமி தான்தான் என்றாள். அந்தச் சிறுமி என்று சொல்லிக்கொள்கிறவர்கள் ஊரில் நிறையப்பேர் உண்டு. ஃபிலோமினா மறுக்கவில்லை.

வாகனப் பதிவு அலுவலகத்தின் நிறுத்துமிடத்தில் க்ளாடெட்டின் சின்னக் கார். அதன் தகடுகளைக் கழற்றி உள்ளே ஒப்படைக்க வேண்டும். ஃபிலோமினா மண்டியிட்டாள். திருகாணிகள் எளிதாக வந்தன. தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, புடைத்திருந்த எண்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிச் சொன்னாள். ஆறையும் சரியாகச் சொன்னாள்.

"இத்தனை வருஷத்துல என் நம்பரை நீ இப்பத்தான் படிக்கறே" என்றாள் க்ளாடெட்.

"ஆறு இருக்கே. யாரு படிப்பா?"

"எனக்கு அது மனப்பாடம்." க்ளாடெட் அந்தத் தகடுகளை வாங்கி, கவுண்ட்டர்வரை தானே எடுத்துக்கொண்டு போனாள். ஒப்படைக்கும்போது சற்றுத் தாமதித்தாள்.

கவுண்ட்டரில் இருந்தவர் ஜலதோஷத்தில் இருந்தார். காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"யார்கிட்டேர்ந்து யாருக்கு?"

"என்கிட்டேர்ந்து இவளுக்கு."

"என்ன உறவு?"

ஃபிலோமினா கவுண்ட்டரின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "மனைவி."

"சான்றிதழ்."

க்ளாடெட் நீட்டினாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நகலெடுத்தார், முத்திரை குத்தினார். "நான்கு இலக்கமா? பரவாயில்லையே" என்றார். "கையெழுத்து இங்க, இங்க. அடுத்தவங்க வாங்க."

அவ்வளவுதான். வெளியே வந்து ஃபிலோமினா மறுபடி மண்டியிட்டாள். 6038 முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. க்ளாடெட் கைப்பையோடு பக்கத்தில் நின்றாள்.

"இறுகிடுச்சா?"

ஃபிலோமினா கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு சுத்து இருக்கு" என்று சொல்லி, அதையும் திருகினாள்.